பெயரை மட்டும் சொல்லவில்லை

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன் ஆராதனைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். ஈஸ்டர் வரைக்கும் தினமும் இதில் எழுதுவது என்று தீர்மானம். போன வருஷமும் இதே தீர்மானம்தான். ஒன்பதாம் நாள் கூழ் வற்றல் வேலையில் நின்றுபோனது.

சபைக்குப் புதிதாக வந்திருக்கிற பாதிரியார் ஐயருக்கு வயது முப்பத்திரண்டுதான் இருக்கும். கோயில் வாசலில் நின்று ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார். ‘மற்றவர்களுக்காக ஜெபிக்க எளிய வழிகள்’ என்று மேலே கொட்டை எழுத்து, கீழே ஏழெட்டு வரி. அவர் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எளிய வழி எதற்கு? ஆனால் அட்டை நல்ல கெட்டி. எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அடுப்பு மேடையில் இனி வட்டம் விழாது.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, கண்ணாடியைப் போட்டு, கடைசி வரி வரை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண்டக்டராக இருந்தவர் அல்லவா, கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தாலும் இருபக்கமும் பார்க்காமல் விடமாட்டார்.

மார்ச் 6, வியாழன்

காலையில் இவரோடு நடக்கப் போனேன். இனி போகமாட்டேன். டாக்டர் முப்பது நிமிஷம் விடாமல் நடக்கச் சொன்னால், இந்த மனுஷர் வாசலுக்கு ஒரு தடவை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். கிறிஸ்துமஸுக்குத்தான் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். “வாரு சரியில்லன்னா சொல்ல வேண்டியதுதானே, மாத்திருவோம்”னு சொன்னால், “நல்லாத்தான் இருக்கு எமீமா” என்கிறார். நல்ல செருப்பை யாராவது இப்படிக் குனிந்து குனிந்து பார்ப்பார்களா?

பால்காரர் வரவில்லை.

மார்ச் 8, சனி

மத்தியானம் சொர்ணலீலா வந்தாள். நாலு வீடு தள்ளி இருக்கிறவள். கல்லூரி நூலகத்தில் வேலை. வீட்டுக்காரர் எபனேசர் மஸ்கட்டில். ஒரே பிள்ளை ரெனிஷா, இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். லீலா வந்தால் நேரே அடுப்படிக்கு வந்து முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்துவிடுவாள். இன்று கூடத்திலேயே உட்கார்ந்தாள்.

“எக்கா, ஒங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்.”

இடது மார்பில் ஒரு கட்டியாம். ஊசி வைத்து எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

“எடுத்துப் பாத்தாத்தான் முழுசா சொல்ல முடியும்னு சொல்லிட்டாவ. ரெனிஷாவுக்கு இருவத்தஞ்சாந்தேதியோட பரீட்சை முடியுது. அதுவரைக்கும் டாக்டரம்மாகிட்ட கெஞ்சித் தவணை வாங்கியிருக்கேன். ரொம்பத் தள்ளாதிய, அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராதுன்னு சொன்னாவ.”

“எபனேசருக்கு?”

“சொல்லல. சொன்னா வேலையப் போட்டுட்டு நாளைக்கே வந்து நிப்பாரு. அப்பாவப் பாத்தா பிள்ளைக்குத் தெரிஞ்சிரும். அவளுக்கு மட்டும் இப்ப தெரியக் கூடாதுக்கா. மெடிக்கல், மெடிக்கல்னு நாலு வருஷமா ஒறக்கம் இல்லாம படிக்கா.” எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “ஒரு ஆளாவது எனக்காக ஜெபிச்சா தாங்கிக்குவேன்னு தோணுச்சு. அதான் வந்தேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்துமூன்று வருஷம் தபாலாபீஸில் இருந்தவளிடம் சொல்லியிருக்கிறாய், பூட்டின பெட்டியில் போட்ட மாதிரி என்று சொன்னேன். அது உண்மைதான். எத்தனை ஆயிரம் கார்டு என் கை வழியாகப் போயிருக்கும். ஒன்றைக்கூடத் திருப்பிப் படித்ததில்லை. சாவுத் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்காரர்களிடமே சிரித்துப் பேசியிருக்கிறேன்.

லீலா போன பிறகு மனசு கேட்கவில்லை. இவர் கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

பெண்கள் சங்கக் கூட்டம், செயலாளர் ஜாய்சிலின் வீட்டில். பத்தொன்பது பேர். வழக்கம்போல ஜாய்சிலின் ஜெபித்தாள், வழக்கம்போல எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. அவளுக்குக் குரல் அப்படி. நான் ஜெபித்தால் கணக்குப் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி இருக்கும் என்று ஒரு தடவை என் காது படவே பேசியிருக்கிறார்கள்.

அடுத்தது என் முறை. லீலா வேலைக்குப் போகிறவள், சங்கத்தில் இல்லை. அவளை நினைத்துக்கொண்டேதான் போயிருந்தேன். பத்தொன்பது பேர் சேர்ந்து ஜெபிக்கிற பலம் ஒருத்தி ஜெபத்துக்கு வருமா? ஆனால் பெயரைச் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன்: “ஆண்டவரே, பெயரைச் சொல்ல எனக்கு உத்தரவில்லை, பெயர் உமக்குத் தெரியும்.” அதற்கப்புறம் வார்த்தை தானாக வந்தது. புருஷன் கடல் தாண்டி இருக்க ஒற்றையாளாய்ப் பிள்ளையை வளர்க்கிற உம்முடைய மகள். புத்தகங்களுக்கு நடுவே உழைக்கிறவள். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் தெரியாமல் நெஞ்சில் கட்டியைச் சுமந்துகொண்டு சிரிக்கிறவள். எங்கள் தெருவிலேயே இருந்தும் எங்களுக்குத் தெரியாமல் போனதே!

ஒரே அழுகை. ஜாய்சிலினே மூக்கை உறிஞ்சினாள். முடிந்ததும் மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு “எமீமாக்கா, இப்படி ஒரு ஜெபம் கேட்டதே இல்ல” என்றார்கள்.

சுண்டலில் உப்பு கூடுதல்.

மார்ச் 11, செவ்வாய்

கூழ் வற்றல் போட்டேன். காகத்துக்கு இவர் காவல். இரண்டு வரிசை காணோம். காகமா இவரா தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

சங்கத்து வாட்ஸாப் குழுவில் ஜாய்சிலின் போட்டிருக்கிறாள்: ‘அவசர ஜெபக் குறிப்பு. பெயர் வெளியிட விரும்பாத, நூலகத்தில் பணிபுரியும் ஒரு சகோதரியின் மார்பகக் கட்டிக்காக.’ கீழே கைகூப்பின படம் நாற்பத்துமூன்று.

நூலகம் என்று நான் சொல்லவே இல்லை. புத்தகங்களுக்கு நடுவே என்றுதான் சொன்னேன்.

ஜாய்சிலினுக்குப் போன் போட்டேன். “ஜெபம்தானக்கா, எத்தன பேரு பண்ணுனா என்ன? நான் மத்த குரூப்புக்கும் அனுப்பிட்டேன்” என்றாள். சரியென்று வைத்துவிட்டேன். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தோம். ரெனிஷா அவள் சிநேகிதியோடு நின்றாள். நாளை மறுநாள் உயிரியல் பரீட்சை. ஜாய்சிலின் நேரே போய் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள்.

“அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது மக்கா. கட்டிய கரைக்கக் கர்த்தரால முடியும். நீ தைரியமா பரீட்ச எழுது. ஊரே ஒங்களுக்காக ஜெபிக்கு.”

பிள்ளை சிரித்த முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. “என்ன கட்டி ஆன்ட்டி?” என்று கேட்டாள். லீலா அப்போதுதான் கோயிலுக்குள்ளிருந்து படி இறங்கி வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் குனிந்து என் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.



மார்ச் 17, திங்கள்

எபனேசருக்கும் தெரிந்துவிட்டதாம். மஸ்கட் தமிழ்ச் சபைக் குழுவுக்கே அந்தக் குறிப்பு போயிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து தோளில் கைவைத்து ஆறுதல் சொன்னாராம். ஊரில் யார் வாயையும் மூட முடியாது. யார் முதலில் சொன்னார்களோ.

சாப்பிடும்போது இவர் கேட்டார். “எமீமா, நீ யார்ட்டயாவது சொன்னியா?”

“நான் பேரே சொல்லல.”

இவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கூட்டத்துக்குப் போகவில்லை. முட்டிவலி.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்றரை மணிக்கு ரெனிஷா பரீட்சை முடிந்து வந்தாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். வழக்கமாக வரும்போதே கேள்வித்தாளைத் தூக்கிக் காட்டி “பெரியம்மா, சூப்பர்!” என்பாள். இன்று எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சிநேகிதி அம்மா சொன்னாள்: கடைசிப் பெரிய கேள்வி இரண்டும் எழுதாமலேயே தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மனித உடலைப் பற்றின கேள்வியாம், படித்தால் அம்மா ஞாபகம் வந்து கை ஓடவில்லையாம்.

தண்ணீர் இரண்டு நாளாக வரவில்லை. குடம் எல்லாம் காலி.

மார்ச் 20, வியாழன்

வற்றல் காய்ந்துவிட்டது. ஒரு சம்புடத்தில் போட்டு எடுத்துக்கொண்டு லீலா வீட்டுக்குப் போனேன். அவள் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“லீலா, அந்த ஜாய்சிலின் இருக்காளே…”

“நான் ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொன்னேன்க்கா.”

“கர்த்தருக்குப் பொதுவா சொல்லுதேன், நான் ஒம் பேரச் சொல்லவே இல்ல.”

“ஆமா. பேரு ஒண்ணுதான் மிச்சம்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். “எக்கா, இனி எனக்காக யாரும் ஜெபிக்க வேண்டாம். ஐயர்கிட்டயும் சொல்லிட்டேன். என்னய விட்டுருங்க.”

உள்ளே போய்விட்டாள். சம்புடத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். இவர் வாசலில் நின்றார், பார்த்திருப்பார். சம்புடத்தை வாங்கி அலமாரியில் வைத்தார்.

மார்ச் 21, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூடப் பொய் எழுதிக்கொண்டு இருக்க முடியாது.

சொன்னது நான். ஜாய்சிலின் இல்லை. நான்.

பலம் சேரட்டும் என்று சொன்னேன் என்பதும் முழு உண்மை இல்லை. கூட்டத்துக்குப் போகிற வழியிலேயே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். ‘நெஞ்சில் கட்டியைச் சுமந்துகொண்டு சிரிக்கிறவள்’ என்பது தபாலாபீஸ் முக்கில் தோன்றியது. நன்றாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. லீலாவின் பயத்தை எடுத்து என் ஜெபத்துக்கு நகையாகப் போட்டுக்கொண்டேன். அவர்கள் அழுதபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகைக்கு நடுவில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.

யாருடைய கார்டையும் படிக்காதவள் என்று முப்பத்துமூன்று வருஷமும் பெருமை. ஒரே ஒரு கடிதத்தை என்னை நம்பிக் கையில் கொடுத்தாள். அதைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். லீலா வரவில்லை, ரெனிஷா வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தெரியாது என்றேன்.

சாயந்தரம் எண்ணெய் பாட்டிலைத் தூக்கி அட்டையை எடுத்தேன். நடுவில் எண்ணெய் ஊறிப் போயிருக்கிறது. ஓரத்து வரிகள் படிக்க முடிகிறது. ‘துணி மடிக்கும்போது, அந்தத் துணிக்கு உரியவருக்காக.’ மடித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். இவர் பனியன் ஏழு. ஏழாவதில் சொல்ல ஒன்றும் இல்லை. ‘ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போது, உள்ளே இருப்பவருக்காக.’ இன்று ஒரு ஆம்புலன்ஸும் போகவில்லை. போகக் காத்திருப்பதும் பாவம் மாதிரி இருக்கிறது.

லீலாவுக்காக ஜெபிக்க உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் வார்த்தை அடுக்கடுக்காக வருகிறது. உம்முடைய மகள், ஒற்றையாள், கண்ணீர். எல்லாம் அன்றைக்குச் சொன்ன வார்த்தைகள். நிறுத்திவிட்டேன். வேண்டாம் என்று சொன்னவளுக்காக எப்படி ஜெபிப்பது என்று அட்டையில் எங்கும் போடவில்லை. எண்ணெய் ஊறின இடத்தில் போட்டிருந்ததோ என்னவோ.

மார்ச் 26, புதன்

நேற்றோடு பரீட்சை முடிந்தது. எபனேசர் வந்துவிட்டார். ஆபரேஷன் ஏப்ரல் ஒன்பது என்று இவர் சொன்னார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

காலையில் தூக்கம் வராமல் இவரோடு நடக்கப் போனேன். லீலா வீட்டு வாசலில் இவர் வழக்கம்போலக் குனிந்தார். வாரில் கையை வைத்தார். நான் பக்கத்திலேயே நின்றதால் பார்த்தேன். கை வாரை இழுக்கவில்லை, சும்மா இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

“என்ன பண்ணுதிய?”

இவர் நிமிர்ந்தார். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி முகம்.

“பேரு சொல்லுதேன்.”

“என்ன பேரு?”

“இந்த வீட்டு ஆளுக பேரு. லீலா, ரெனிஷா, எபனேசர்.”

“சொல்லி?”

“சொல்லி என்ன? அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போயிருவேன்.”

“ஒண்ணும் கேக்க மாட்டியளா?”

“எனக்கு என்ன தெரியும் கேக்கதுக்கு? மிச்சம் அவருக்குத் தெரியும்லா.”

நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ரிட்டையர் ஆனதிலிருந்து செய்கிறாராம், ஆறு வருஷம். பஸ்ஸில் முப்பது வருஷம் ஏறி இறங்கினவர்களிடம் ஊர்ப் பெயரைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை, எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், எதற்குப் போகிறார்கள் என்று கண்டக்டர் கேட்கக் கூடாது என்றார். வாசலில் சும்மா நின்றால் என்னவோ ஏதோ என்று பார்ப்பார்களாம், செருப்பைச் சரிசெய்தால் யாரும் பார்க்க மாட்டார்களாம்.

“நம்ம வாசல்ல?” என்று கேட்டேன்.

“அங்கதான மொத மொத குனியுதேன். நீதான் தெனமும் ஏசுத.”

ஆறு வருஷமாகக் காலையில் என் பெயரை ஒருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் செருப்பை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் பெயரை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்து இன்றைக்குத்தான் தெரிகிறது.

தோசைக்கு அரைக்கணும்.

மார்ச் 31, திங்கள்

கூட்டத்துக்குப் போனேன். ஜெப நேரம் வந்ததும் ஜாய்சிலின், “எமீமாக்கா, அந்தச் சகோதரி காரியம் என்ன ஆச்சு? சொன்னா எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கலாம்” என்றாள். எல்லோரும் முன்னால் நகர்ந்தார்கள். நானும் இதற்கு முன் எத்தனை தடவை அப்படி நகர்ந்திருப்பேன்.

எழுந்து நின்றேன். “என்னை நம்பிச் சொன்னத நான் இங்க வந்து கொட்டிட்டேன். பேரு சொல்லலன்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். அது ஜெபம் இல்ல, புறணி. அந்தப் பிள்ள பரீட்சைய என்னால கோட்ட விட்டுச்சு. அந்தக் காரியத்தப் பத்தி இனி இங்க யாரும் பேச வேண்டாம். குரூப்புல உள்ளதையும் எடுத்துருங்க.” உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் அழவில்லை. ஜாய்சிலின் முகம் சிவந்துவிட்டது. “அப்ப நாங்க எல்லாம் புறணி பேசுதோமா?” என்றாள். என்னை மட்டும்தான் சொன்னேன் என்றேன். அவள் நம்பவில்லை. வடை எனக்கு வரவில்லை, தட்டு பாதியிலேயே திரும்பிவிட்டது.

குறிப்பை எடுத்துவிட்டாள். ஆனால் போனது போனதுதான்.

ஏப்ரல் 2, புதன்

லீலாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் போனால் நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதினேன். முதல் தடவை மூன்று பக்கமும் நிரம்பிவிட்டது. கிழித்தேன். இரண்டாவது ஒரு பக்கம். அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

‘லீலாவுக்கு. நீ என்னிடம் சொன்னதை நான் கூட்டத்தில் சொன்னேன். நான் நல்ல பெயர் வாங்குவதற்காகச் சொன்னேன். ரெனிஷாவுக்கும் உனக்கும் துரோகம் செய்தேன். மன்னித்துக்கொள். பதில் எழுத வேண்டாம். எமீமாள்.’

நாலு வீடு தள்ளியிருக்கிறவளுக்குத் தபாலா என்று இவர் சிரித்தார். பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ஒட்டின கடிதம் எனக்குப் பழக்கமான வழி.

ஏப்ரல் 5, சனி

தபால்காரர் லீலா வீட்டில் கொடுத்துவிட்டார். பார்த்தேன். நான்கு வீடு தாண்ட மூன்று நாள். என் காலத்தில் இப்படி இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பதில் இல்லை. வேண்டாம் என்று எழுதினதும் நானேதான்.

சாயந்தரம் கேட்டில் தட்டினது ரெனிஷா. மூன்று வாரத்தில் பிள்ளை மெலிந்துவிட்டது. கையில் சாவி.

“பெரியம்மா, நாளைக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில நாலஞ்சு நாள் ஆவும். நானும் அப்பாவும் அங்கதான் இருப்போம். தண்ணி வந்தா பிடிச்சு வைக்கணும்னு அம்மா சாவிய ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னா.”

“எங்கிட்டயா?”

“ஒங்ககிட்டதான்.” போகத் திரும்பினவள் நின்றாள். “எனக்கு ஒங்க மேல இன்னும் கோவம் இருக்கு பெரியம்மா.”

“இருக்கட்டும் மக்கா.”

சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

லீலா. லீலா. லீலா. காலையிலிருந்து இவ்வளவுதான். வெங்காயம் நறுக்கும்போதும் இதுதான், குழாயடியிலும் இதுதான். வேறு வார்த்தை வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒரு மணிக்கு இவருக்குப் போன் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதன் முடிவு வந்தால்தான் அடுத்தது தெரியும்.

ஏப்ரல் 11, வெள்ளி

தண்ணீர் வந்தது. லீலா வீட்டுக்குப் போய் ஒன்பது குடமும் தொட்டியும் பிடித்துவைத்தேன். சாப்பாட்டு மேசையில் பழைய சோதனை ஃபைல் கிடந்தது, பாதி திறந்து. காற்றில் தாள் ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் உப்பு ஜாடியைத் தூக்கி வைத்தேன். கண் அந்தப் பக்கம் போகவில்லை என்று சொன்னால் பொய். போனது, ஆனால் படிக்கவில்லை. தபாலாபீஸ் பழக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போலிருக்கிறது.

துவைத்துக் காய்ந்த துணி கொடியில் கிடந்தது. எடுத்து மடித்தேன். ரெனிஷாவின் சுடிதார், எபனேசரின் சட்டை, லீலாவின் நூலகத்துச் சேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஐயர் அட்டையில் விஷயம் இருக்கத்தான் செய்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பவனியில் என் பக்கத்தில் நடந்த அம்மா, “சாவி ஒங்ககிட்டதான இருக்காம்? அவளுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

லீலா வீட்டுக்கு வந்துவிட்டாள். சாவியை இவரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

மும்மணி ஆராதனை, மூன்று மணி நேரம். மத்தியானம் கஞ்சி. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். நாலரை மணி ஆராதனை முடிந்து, வெளுக்கும்போது நடந்தே வந்தோம். இவர் ஒவ்வொரு வாசலாகக் குனிந்துகொண்டு வந்தார். லீலா வாசலில் நான் இவரை முன்னே போகச் சொல்லிவிட்டு நானே குனிந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. வாரில் கையை வைத்து அவள் பெயரைச் சொன்னேன். நிமிர முடியவில்லை, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. லீலா நின்றாள். தோளில் துண்டு போட்டிருந்தாள், முகம் வெளிறியிருந்தது.

“எக்கா, ஒங்களுக்கும் வாரு அந்துபோச்சா?”

கம்பியை விடாமல் மெதுவாக நிமிர்ந்தேன்.

“அத்தானுக்கு ஆறு வருஷமா எங்க வாசல்ல அந்துபோவுது,” என்றாள். “நான் ஜன்னலுக்குள்ள நின்னு, அவரு நிமிருத வரைக்கும் கண்ண மூடிக்குவேன். ஜெபிக்க வேண்டாம்னு எல்லார்ட்டயும் சொன்னேன்லா, அத்தான்ட்ட மட்டும் சொல்லல.” கேட்டின் கொண்டியை எடுத்தாள். “உள்ள வாங்க. ரெனிஷா ஆப்பம் சுடுதா. மொத நாலும் கருகிப்போச்சு.”

அடுப்படியில் உட்கார்ந்தேன். ரெனிஷா என் தட்டில் ஆப்பத்தைப் போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கருகாத ஆப்பமாகப் பார்த்துப் போட்டாள். அவள் தேங்காய்ப்பால் எடுக்கப் போனபோது லீலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நேற்று முடிவு வந்துவிட்டதாம். என்ன போட்டிருக்கிறது என்று மெதுவாக, முழுசாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதிய என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதை நினைத்தால் இப்போதும் கண் நிறைகிறது.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். “என்ன சொன்னா?”

“ஆப்பம் நல்லா இருந்துச்சு” என்றேன்.

இவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்தில் இன்னும் பாதி இடம் இருக்கிறது. லீலா சொன்னதை எழுதினால் சரியாக நிரம்பும். எழுதப் போவதில்லை.

சொர்ணலீலா. ரெனிஷா. எபனேசர். ஞானசிகாமணி, இவர்தான்.

ஜாய்சிலின். இதை எழுதக் கொஞ்சம் நேரம் பிடித்தது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.